கடித்த பல்

ஏரிகளுக்குப் பேர்போன பொழிலூரை ஒரு காலத்தில் வீரகேது என்ற ராஜா ஆண்டுவந்தார். காலையில் சொன்னதை மாலையில் மாற்றுவார். தீர்ப்பை மட்டும் மாற்றமாட்டார். பிராது கொடுத்தவரே தண்டனையைத் தம் கையால் நிறைவேற்ற வேண்டும் என்பதும் அவர் வைத்த சட்டம்தான்.

அந்த வருஷம் மாட்டுப் பொங்கலன்று, நாட்டிலேயே சிறந்த காளை என்று வெள்ளச்சியின் மயிலைக் காளைக்கு மந்திரி குழந்தைவேலர் மாலை போட்டார். வெள்ளச்சி, ஒற்றைக் காளையை வைத்துக்கொண்டு ஜோடிக்கு இன்னொரு மாட்டை இரவல் வாங்கி உழுகிறவள். அரசவைப் பிரமுகர் அனந்தப்பருக்கு வயிறு எரிந்தது. அவர் தொழுவத்தில் மாடுகள் ஏராளம். ஒன்றின் பக்கத்திலும் அவர் போனதில்லை.

மறுநாள் கையில் கட்டுப் போட்டுக்கொண்டு சபைக்கு வந்தார்.

"மகாராஜா, மந்திரி மாலை போட்ட காளை என்னைக் கடித்துவிட்டது!"

கட்டைப் பிரித்தார். காயம் நிஜம்தான்.

"மேல்பல்லும் பட்டதோ?" என்றார் மந்திரி.

"மேல்பல்தானய்யா ஆழமாக இறங்கியது!"

"அப்படியானால் கடித்த மேல்பற்களைப் பிடுங்குங்கள். இதுவே தீர்ப்பு" என்றார் ராஜா.

விசாரணைக்கு அழைத்து வந்திருந்த வெள்ளச்சி அலறினாள். "சாமி, கடைவாய்ப் பல்லு போனா அது எப்படி அசைபோடும்? மாடு செத்தா நான் எதை வச்சு உழுவேன்?"

"அழாதே தாயி. தீர்ப்பு நடக்கட்டும்" என்றார் மந்திரி.

குறடு வந்தது. காளையும் வந்தது. அனந்தப்பர் அதன் வாயைத் திறந்து பார்த்தார். குனிந்தும் பார்த்தார். மேலே முன்பல் ஒன்றுகூட இல்லை. வெறும் ஈறுதான் இருந்தது.

"பிடுங்கிவிட்டார்களா?" என்றார் குழப்பத்தோடு.

"மாட்டுக்கு மேலே முன்பல் முளைப்பதே இல்லை. ஆடு, மான் எல்லாம் அப்படித்தான்" என்றார் மந்திரி. "காளை வாயைத் திறந்தது போதும். இனி நீர் திறவும்."

திகைப்பில் அவர் வாய் ஏற்கெனவே திறந்துதான் இருந்தது. மேல்வரிசை நடுவில் ஒரு பல் இல்லை. காயத்திலும் அதே இடத்தில் ஒரு பல்லின் தடம் இல்லை.

ராஜா இரண்டையும் பார்த்தார். "உம் கையை நீரே கடித்திருக்கிறீர். என் தீர்ப்பு மாறாது. உம் பொய்யால் கெடவிருந்த வெள்ளச்சி பிராதில்லை என்றால்தான் தண்டனை நிற்கும். குறடு உம் கையில்தான் இருக்கிறது."

அனந்தப்பர் வெள்ளச்சியின் காலில் விழுந்தார். "காப்பாத்தும்மா!"

அவள் மந்திரியைப் பார்த்தாள். பிறகு ராஜாவைக் கும்பிட்டாள். "இவுக பல்லு எனக்கு எதுக்குச் சாமி? இவுக தொழுவத்துலேர்ந்து என் காளைக்கு ஜோடியா ஒரு மாடு கொடுத்தா நானே பிராதில்லேன்னு சொல்லிருவேன்."

"கொடுத்தாயிற்று" என்றார் ராஜா. மந்திரிக்கு முத்துமாலை கிடைத்தது.

மறுநாளே வெள்ளச்சி இரவல் இல்லாமல் உழுதாள். அனந்தப்பருக்குப் பல் தப்பியது. அன்றிலிருந்து சபையில் யார் என்ன விகடம் சொன்னாலும் அவர் வாயை மூடிக்கொண்டுதான் சிரித்தார்.