நாற்பத்து மூன்றாம் பக்கம்

சைக்கிள் கடை மாடியில் இருந்த அந்தச் சின்ன நூலகத்தில் தன்னார்வலர்களுக்கு ஒரு விதி உண்டு. வருகிறவருக்குத் தங்களுக்குப் பிடித்த ஒரு புத்தகத்தை எடுத்துக் கொடுக்கலாம். 'படித்துப் பாருங்கள்' என்பதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. விதி வைத்தவர் நூலகத்தை நடத்திய அம்பலவாணர்.

வேதமுத்து அவரைவிடப் பத்து வயது மூத்தவர். இருந்தும் அவரைத்தான் குருவாக நினைத்திருந்தார்.

ஒரு திங்கட்கிழமை, கதவு திறந்ததும் வேதமுத்து வந்து நின்றார். கையில் தன்னார்வலர் ஜமீலா கொடுத்த நாவல்.

"ஐயா, ஜமீலாகிட்ட என்னைப் பத்தி யார் பேசினது?"

"யாரும் பேசலையே, அண்ணாச்சி."

"நாற்பத்து மூணாம் பக்கத்துல, அண்ணன் வாசல்ல நின்னு கூப்பிடக் கூப்பிட ஒருத்தன் உள்ளே மூச்சுக் காட்டாம உட்கார்ந்திருக்கான்."

"சரி."

"போன வருஷம் நான் செஞ்சது அது. என் வீட்டுக்காரிக்கே தெரியாது. இவ எப்படி மோப்பம் பிடிச்சா? கொடுக்கும்போது ஒரு சிரிப்பு வேற."

"அவ எல்லார்கிட்டேயும் சிரிப்பா."

"அது வேற சிரிப்பு. நாளைக்கு ஊரெல்லாம் சொல்லுவா. அவளை அனுப்பிடுங்க. இல்லேன்னா நான் இந்தப் படி ஏற மாட்டேன்."

அம்பலவாணர் நாவலை வாங்கி, பக்கங்களின் ஓரம் தெரியும்படி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

விரல் பட்டுப் பட்டு ஓரம் கறுத்திருந்தது, முதல் கால்வாசி மட்டும். மீதி வெள்ளை. வேதமுத்து கறுப்பு முடிகிற இடத்தில் விரல்விட்டுத் திறந்தார்.

நாற்பத்து மூன்று.

"பதினேழு பேர் எடுத்திருக்காங்க. ஆறு பேர் உங்களை மாதிரியே சண்டைக்கு வந்தாங்க. ஒருத்தர் உங்க மேலதான் சந்தேகப்பட்டார்."

"என் மேலயா?"

"அவருக்குப் பக்கத்து வீட்டுக்காரர் நீங்கதானே. அவரை வாசல்ல நின்னு கூப்பிட்டது அவர் மகளாம்."

வேதமுத்து நாற்காலியில் உட்கார்ந்தார். கீழே யாரோ டியூபுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்கள்.

"நீங்க படிச்சீங்களா, ஐயா?"

"முப்பத்தெட்டுல மூடிட்டேன். அந்த அண்ணன் தெருமுனையில வரும்போதே."

வேதமுத்து அந்தப் பக்கத்தைப் பார்த்தார். திருப்பவில்லை.

"அப்போ, உள்ளே இருந்தவன் கதவைத் திறந்தானா?"

"தெரியாது. மீதியைப் படிச்சவ ஜமீலா ஒருத்திதான். அனுப்பிடலாமா, அண்ணாச்சி?"