ஆத்துக்குச் சொந்தக்காரர்

காலை நீட்டினா தண்ணி தொடுற தூரத்துல, ஆத்தங்கரையில இலுப்பைத்துறைன்னு ஒரு சின்ன ஊரு இருந்துச்சாம். விடிஞ்சா பாதி ஊரு படித்துறையிலதான் பல்லு வெளக்கும், மீதி ஊரு அங்க வந்து வம்பு பேசும். அந்த ஊர்ல ஒப்பாயின்னு ஒரு வாய்க்காரி. ஏழு மாசம் முழுகாம இருந்தா. புளியும் வேணாம், மாங்காயும் வேணாம், ஆத்து அயிரைக் குழம்புதான் வேணும்னு அவளுக்கு ஒரே மசக்கை.

அந்த நேரம் பாத்து நாட்டாமை சடையப்பருக்குப் புத்தி கெட்டுப்போச்சு. படித்துறையில வேலியைப் போட்டு, "ஆறு என்னுது, அதுல உள்ளதும் என்னுது"ன்னுட்டாரு. ஒப்பாயி புருஷன் வீரணன் வலையில அயிரை கொண்டாந்தான். "ஆறு என்னுது"ன்னு பிடுங்கிக்கிட்டாரு. மறுநா கூடையில கொண்டாந்தான். பிடுங்கிக்கிட்டாரு. அதுக்கும் மறுநா தலைத்துண்டுல முடிஞ்சு கொண்டாந்தான். துண்டோட பிடுங்கிக்கிட்டாரு! நாட்டாமை வீட்டுக் குழம்பு வாசனை தெருவெல்லாம் வந்துச்சா, ஒப்பாயி உக்காந்து அழுதா. புள்ளைத்தாச்சி வாய்க்குப் போறதைப் பிடுங்கினா வயிறு எரியுமா எரியாதா, நீங்களே சொல்லுங்க.

அழுது முடிச்சு மூக்கைச் சிந்தினவ, சட்டுன்னு சிரிச்சா. ஏன்னா மறுநா ஆடிப்பதினெட்டு. ஆறாப் பெருகி வர்ற ஆத்தாளும் அன்னைக்கு மசக்கைக்காரி இல்லையா? புளிச்சோறு, தேங்காச்சோறு, எலுமிச்சைச்சோறுன்னு ஆக்கி, காதோலை கருகமணியோட ஊரே அவளுக்குப் படைக்கும்.

விடிஞ்சதும் ஊர்ப் பொம்பளைங்களைக் கூட்டிக்கிட்டு, வெறுந்தட்டோட நாட்டாமை வாசல்ல போய் நின்னா ஒப்பாயி.

"என்னம்மா, தட்டு காலியா இருக்கு?"ன்னாரு.

"இம்புட்டு நாளா ஆத்தாளுக்கு ஆளில்லைன்னு நாங்க ஆக்கிப் போட்டோம் மாமா. இப்பத்தான் என்னுதுன்னு சொல்ல நீங்க இருக்கீங்களே! அவ மசக்கையை நீங்கதானே தீர்க்கணும்? சேலை எடுங்க, வளையல் போடுங்க, ஊருக்கே பந்தி வைங்க!"

உள்ள இருந்து கரண்டியோட வந்தா அவர் பொண்டாட்டி மரகதம். "ஏய்யா, கட்டினவளுக்கு ஒரு கண்ணாடி வளையல் வாங்கித் தர உனக்குக் கை வரல. அவளுக்கு ஊரைக் கூட்டி வளைகாப்பா?"

நாட்டாமைக்கு வேர்த்து ஊத்திடுச்சு. "எனக்கும் ஆத்துக்கும் ஒண்ணுமில்ல மரகதம்!"

"எனக்குக் கேக்கல மாமா"ன்னா ஒப்பாயி.

"ஆறு என்னுது இல்ல!"

"படித்துறைக்குக் கேக்கல மாமா."

"என்னுது இல்லவே இல்ல!"ன்னு கத்திக்கிட்டே ஓடி, தன் கையாலயே வேலியைப் பிடுங்கிப் போட்டாரு. மரகதம் கரண்டியோட பின்னாலயே ஓடினா.

மறுநா ஒப்பாயி வீட்டுக்கு ஒரு சட்டி அயிரைக் குழம்பு வந்துச்சு. மரகதம் வச்ச குழம்பு, சுமந்துக்கிட்டு வந்தது யாரு? நாட்டாமைதான்! ஒப்பாயி விரலை நக்கி நக்கித் தின்னா, வயித்துப் புள்ளை துள்ளுச்சு.

எதையும் என்னுதுன்னா அதோட பாரத்தையும் சேத்துத்தான் சுமக்கணும், தெரிஞ்சுதா? குழம்புச்சட்டி காலி, என் கதையும் காலி. கண்ணை மூடுங்க.