எருக்குழியில் ஒரு முடிச்சு

அர்த்தனாரி ஆத்தூரில் பாலித்தீன் பை ஆலை நடத்தியவர். தலை நரைத்த பிறகு ஆலையை மூடிவிட்டு, தன்னைவிட மிக இளையவளான மண் ஆராய்ச்சி ஆசிரியை தில்லைக்கரசியிடம் சீடராகச் சேர்ந்தார். ஊர் சிரித்தது. அவர் சட்டை செய்யவில்லை.

மரவள்ளிக்கிழங்கு மாவைக் காய்ச்சி, பாலாடைபோல மெல்லிய பை ஒன்றைச் செய்து கொண்டுவந்தார்.

“டீச்சர், மண்ணு இதை ஏத்துக்குங்களா?”

“என்னை ஏன் கேக்கறீங்க? மண்ணையே கேளுங்க” என்று மண்வெட்டியை நீட்டினாள்.

எருக்குழியில் புதைத்தார். மக்கிக் காணாமல் போக வேண்டிய பை காணாமல் போய்விடக் கூடாதே என்று, பழைய ஆலையில் மிஞ்சிய நீலப் பிளாஸ்டிக் வில்லையில் தன் பெயரை எழுதி, நைலான் கயிற்றால் பையின் காதில் கட்டியும் வைத்தார், மனுஷன்!

மழைக்காலம் போயிற்று. பை மண்ணில் மக்குகிறதா என்று பார்த்து அனுமதி தர மறுநாள் அதிகாரிகள் வருகிறார்கள். அவர்கள் தலையசைத்தால் இந்தப் பையைச் செய்ய ஆலை திறக்கும், வேலை இழந்தவர்கள் திரும்பி வருவார்கள். இல்லையென்றால் பூட்டு பூட்டுதான்.

அர்த்தனாரி குழியைத் தோண்டினார். முகம் வெளுத்துவிட்டது.

“போச்சுங்க டீச்சர்! பையைக் காணோம். எவனோ எடுத்துட்டுப் போயிட்டான். ஒரு துண்டாவது கிடக்க வேண்டாமுங்களா?”

“மண்வெட்டியைக் கீழ வைங்க. கையை விட்டுப் பாருங்க.”

விட்டார். மண் வெதுவெதுப்பாக இருந்தது. புதுமழை பெய்ததுபோல வாசனை அடித்தது. விரலிடுக்கில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை இழைகள். ஒரு மண்புழு அவரைக் கண்டுகொள்ளாமல் நெளிந்து போனது.

கயிறு தட்டுப்பட்டது.

வில்லை அப்படியே இருந்தது. பெயர் அழியவில்லை. முடிச்சை யாரும் அவிழ்க்கவில்லை, அறுக்கவுமில்லை. இறுக்கிக் கட்டியது கட்டியபடி இருக்க, அதற்குள் பை மட்டும் இல்லை.

அவருக்கு உடம்பு சிலிர்த்தது. வாழ்நாளெல்லாம் பை செய்த மனிதர், ஒரு பை இல்லாமல் போனதை அன்றுதான் பார்த்தார்.

“அம்மாடி! அத்தனையும் மண்ணாவே ஆயிருச்சுங்களா?”

அவள் தலையசைத்தாள்.

குழியைப் பார்த்துக் கைகூப்பினார். கண் நிறைந்துவிட்டது.

“நாளைக்கு வர்றவங்களுக்கு எதைக் காட்டறதுங்க?”

“அந்த முடிச்சைக் காட்டுங்க.”

குழந்தைபோலச் சிரித்தார். பிறகு உள்ளங்கையில் கிடந்த நீல வில்லையைப் பார்த்தார். கை தானாகக் குழிப்பக்கம் நீண்டது.

“காட்டினதுக்கப்புறம் இதை எங்க போடறதுங்க, டீச்சர்?”

“மண்ணு அதை ஏத்துக்காதுங்க. நீங்களேதான் வெச்சுக்கணும்.”