ஆறாம் கட்டிலில் பத்து நிமிடம்

"மேடம், என்னால ரெண்டையும் பார்க்க முடியல. ஒண்ணை விடணும். எதை விடட்டும்?"

கேட்டவள் தவமணி. வயது முப்பத்து நான்கு. ஒட்டன்சத்திரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையின் பிரசவ வார்டில் பத்து வருடமாக ஆயா. இந்த வருடம் அதே கட்டடத்தின் மாடியில் நடக்கும் நர்ஸிங் பள்ளியில் முதலாம் ஆண்டு மாணவி.

கேட்கப்பட்டவள் ஜெஸிந்தா. அந்தப் பள்ளியின் டியூட்டர். தவமணியைவிட எட்டு வயது இளையவள். விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள்.

"எதை விட முடியும் அக்கா?"

"வேலையை விட்டா வீடு நடக்காது. படிப்பை விட்டா அடுத்த வருஷம் எனக்கு வயசு தாண்டிடும். திரும்பச் சேர்க்க மாட்டாங்க."

"அப்ப விட முடியாது."

"முடியாதுதான் மேடம். ஆனா தூக்கவும் முடியலையே."

ஜெஸிந்தா சிவப்புப் பேனாவை மூடி வைத்தாள்.

"காலைல எட்டுலேர்ந்து ஒண்ணரை வரைக்கும் கிளாஸ். ரெண்டுலேர்ந்து எட்டு வரைக்கும் வார்டு. கிளாஸ்ல உட்கார்ந்தா, மூணாம் கட்டிலுக்கு விரிப்பு மாத்தச் சொன்னாங்களே, மாத்தினேனான்னு ஓடுது. வார்டுக்குப் போனா எலும்பு பேரெல்லாம் ஓடுது. பெட்பேனைக் கையில வெச்சுக்கிட்டு, எதுக்கு எடுத்தோம்னு நிக்கறேன். போன வாரம் ரெண்டு தடவை அப்படி நின்னேன்."

"ம்."

"சோறு இறங்கல மேடம்."

"வியாழக்கிழமை மத்தியானம் எனக்கு வகுப்பு இல்ல. அன்னிக்கு வாங்க. உட்கார்ந்து பேசலாம்."

"அதுவரைக்கும் நான் என்ன செய்யறது?"

"நாளைக்குப் பிரசவத்துக்குப் பின் கவனிப்பு பாடம். முன் பெஞ்சில உட்காருங்க."

அவ்வளவுதான் பதில். தவமணிக்கு எரிச்சலாக வந்தது. தன்னைவிடச் சின்னப் பெண்ணிடம் போய்ச் சொன்னோமே என்று நினைத்தபடி படி இறங்கினாள்.

செவ்வாய்க்கிழமை முன் பெஞ்சில் உட்கார்ந்தாள். பக்கத்தில் எல்லாம் பதினெட்டு வயதுப் பெண்கள்.

ஜெஸிந்தா மேசைமேல் ஒரு தேங்காயையும், ஒரு கிண்ணத்தில் பிசைந்த மாவையும் வைத்தாள். ஒவ்வொருவராக வந்து தொடச் சொன்னாள்.

"குழந்தை பிறந்த பிறகு கர்ப்பப்பை தேங்காய் மாதிரி கெட்டியா இருக்கணும். மாவு மாதிரி இருந்தா ரத்தம் நிக்காது. ரத்தத்துக்கு வெக்கற பேட் கால் மணி நேரத்துல முழுசா நனைஞ்சா அதுவே எச்சரிக்கை. காத்திருக்கக் கூடாது. வயித்தை அழுத்தி வட்டமாத் தேய்ச்சுக்கிட்டே ஆளைக் கூப்பிடணும்."

தவமணி தொட்டுப் பார்த்தாள். எழுதிக்கொண்டாள். எழுதும்போதே கண் சொருகியது.

புதன்கிழமை மூன்று மணிக்குப் பூவிழி என்ற பெண்ணுக்குப் பிரசவமானது. இருபத்திரண்டு வயது. தலைப்பிரசவம். பெண் குழந்தை. ஆறாம் கட்டிலில் கொண்டுவந்து படுக்க வைத்தார்கள்.

தவமணி நீலச் சேலையில் இருந்தாள். ஆயாக்களின் உடுப்பு அது. மாணவி உடுப்பைப் பையில் மடித்து வைத்திருந்தாள்.

நான்கரைக்குப் பூவிழிக்குப் பேட் மாற்றினாள். தொட்டி கழுவிவிட்டு வந்து பார்த்தபோது மணி நாலே முக்கால். மாற்றிய பேட் முழுக்க நனைந்து விரிப்பிலும் பரவியிருந்தது.

தவமணி நேரத்தை மறுபடி பார்த்தாள்.

வார்டு மேசைக்குப் போனாள். சகுந்தலா சிஸ்டர் புதிதாக வந்த கேஸுக்குப் பேப்பர் எழுதிக்கொண்டிருந்தார்.

"சிஸ்டர், ஆறாம் கட்டிலுக்கு ரத்தப்போக்கு ஜாஸ்தியா இருக்கு. கால் மணி நேரத்துல ஒரு பேட் நனைஞ்சிருச்சு."

"பிரசவமானா போகத்தான் செய்யும். பத்து வருஷமாப் பார்க்காததா?"

"இல்ல சிஸ்டர், நேத்துக் கிளாஸ்ல..."

சிஸ்டர் நிமிர்ந்தார். "மாடில இருக்கும்போது மாணவி. இங்க ஆயா. அந்த வேலையைப் பாருங்க. நான் இதை முடிச்சிட்டு வரேன்."

தவமணி திரும்பி வந்தாள். வேறு பேட் வைத்தாள். விரிப்பை மாற்றினாள். பிறகு கட்டிலருகே நின்றாள்.

சுவரில் கடிகாரம் பத்து நிமிடம் நகர்ந்தது.

பூவிழி உதட்டை நக்கினாள். "அக்கா, தண்ணி தாங்க. கண்ணு இருட்டுது."

தவமணி அவள் முகத்தைப் பார்த்தாள். வெளுத்திருந்தது. நெற்றியைத் தொட்டாள். குளிர்ந்திருந்தது.

அதற்குப் பிறகு அவள் எதையும் யோசித்ததாக நினைவில்லை. கை தானாகப் பூவிழியின் வயிற்றுக்குப் போனது. தொப்புளருகே அழுத்தினாள். விரல் உள்ளே போனது. மாவு.

அழுத்தி வட்டமாகத் தேய்த்துக்கொண்டே கத்தினாள். "சிஸ்டர்! கர்ப்பப்பை சுருங்கல! ஓடி வாங்க!"

சிஸ்டர் ஓடி வந்தார். டாக்டரம்மா ஓடி வந்தார். ஊசி, டிரிப், இரண்டு பாட்டில் ரத்தம். தவமணியை நகரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. அவளும் கையை எடுக்கவில்லை.

ஆறு மணி வாக்கில் போக்கு நின்றது.

டாக்டரம்மா கையுறையைக் கழற்றினார். "பொழைச்சிட்டா. பத்து நிமிஷம் முன்னாடி தெரிஞ்சிருந்தா ரத்தம் ஏத்தற அளவுக்கு வந்திருக்காது."

யாரையும் பார்த்துச் சொல்லவில்லை.

பூவிழியின் அம்மா தவமணியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதாள். "நீதாம்மா எம்புள்ளையக் காப்பாத்துன."

தவமணி கையை உருவிக்கொண்டாள். அன்று பஸ்ஸில் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டாள். இரண்டு நிறுத்தம் திரும்பி நடந்தாள்.

வியாழக்கிழமை ஒன்றரை மணிக்கு ஜெஸிந்தாவின் அறைக்குப் போனாள். பள்ளியை விட்டு நின்றுகொள்வதாக எழுதிய கடிதத்தை மேசைமேல் வைத்தாள்.

ஜெஸிந்தா அதைப் பிரிக்கவில்லை.

"கேள்விப்பட்டேன் அக்கா. டாக்டரம்மாவே மாடிக்கு வந்து உங்களைப் பத்திச் சொல்லிட்டுப் போனாங்க."

"பாராட்டாதீங்க மேடம். எனக்குத்தான் தெரியும். அந்தப் பேட்டைப் பார்த்தப்பவே எனக்குத் தெரியும்."

"சிஸ்டர்கிட்டச் சொன்னீங்களே."

"ஒரு தடவை சொன்னேன்."

"அப்புறம்?"

"அப்புறம் நின்னேன்."

"எதுக்கு நின்னீங்க?"

தவமணி பையின் வாரை விரலில் சுற்றினாள். அவிழ்த்தாள்.

"ஆயாவா இருந்தா, சிஸ்டர் சொன்ன பிறகு திரும்பப் போய்ச் சொல்லக் கூடாது. மாணவியா இருந்தா, அது என் பயிற்சி நேரம் இல்ல, நோயாளியைத் தொடக் கூடாது. இப்படிப் போனா வேலை போயிடும். அப்படிப் போனா படிப்பு போயிடும். மாத்தி மாத்தி அதையே நினைச்சுக்கிட்டு நின்னேன்."

"எவ்வளவு நேரம்?"

"பத்து நிமிஷம்."

ஜன்னலுக்கு வெளியே யாரோ வாளியை இழுத்துக்கொண்டு போனார்கள். ஜெஸிந்தா நாற்காலியை மேசைக்கு அருகே இழுத்துக்கொண்டாள்.

"அந்தப் பத்து நிமிஷம் பூவிழி பக்கத்துல யார் இருந்தா?"

"நான்தான் மேடம்."

"ஆயாவா?"

"இல்ல."

"மாணவியா?"

"இல்ல மேடம்."

"யாரு?"

தவமணி மெல்லச் சொன்னாள்.

"யாருமே இல்ல மேடம். அந்தப் பொண்ணு தனியாக் கிடந்துச்சு."

சொன்னதும் அழுகை வந்தது. ஜெஸிந்தா தடுக்கவில்லை. தேற்றவும் இல்லை. மேசைமேல் இருந்த தண்ணீர் பாட்டிலை அவள் பக்கம் நகர்த்தினாள்.

தவமணி அழுது முடிந்ததும் ஜெஸிந்தா கேட்டாள்:

"இப்ப மணி என்ன அக்கா?"

"ரெண்டாகப் போகுது."

"ஆறாம் கட்டிலுக்குப் பேட் மாத்தணும். மாத்தும்போது வயித்தைத் தொட்டுப் பாருங்க. கெட்டியா இருக்கான்னு எனக்கு வந்து சொல்லுங்க. சகுந்தலா சிஸ்டர்கிட்ட நான் பேசியாச்சு."

தவமணி எழுந்தாள். வாசல்வரை போனவள் நின்றாள். மாணவி உடுப்பில் இருந்தாள். பையில் நீலச் சேலை இருந்தது.

"மேடம், எதைப் போட்டுக்கிட்டுப் போகட்டும்?"

ஜெஸிந்தா அடுத்த விடைத்தாளை எடுத்தாள்.

"கையை நல்லாக் கழுவிட்டுப் போங்க."