சாமிக்கு ஒரு திருகு

"மெசின்ல இருக்கறப்ப வட்டமா இருக்குது. கழட்டி வெச்சா மூணு மூலையா இருக்குது. இதென்ன கண்கட்டு வித்தைங்க அம்மணி?"

கேட்டவர் நாச்சிமுத்து. கோயம்புத்தூரில் பம்பு ஷாஃப்ட் கடைந்தே தலை நரைத்தவர். லேத்தைப் பற்றி இன்னொருவரிடம் கேள்வி கேட்பது அவருக்குப் புதுசு.

கேட்கப்பட்டவள் ஹெப்சிபா. செயற்கைக் கால் செய்யும் பட்டறைக்காரி. டைட்டானியம் கடையத் தெரிந்தவள். அவருக்கு மகள் வயசு. அதனால் என்ன? டைட்டானியம் வயசு பார்த்தா வளைந்து கொடுக்கிறது?

பட்டறை ஓரத்தில் ஒரு நாற்காலி. அதில் நாச்சிமுத்துவின் மனைவி துளசிமணி. பஸ் விபத்தில் இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. மாட்டியிருந்த இரும்புக் கால் கனம். தெருமுனை தாண்டுவதற்குள் மூச்சு வாங்கும்.

டைட்டானியக் குழாய் வைத்தால் கால் லேசாகும். "என் பொண்டாட்டி காலை நான்தான் கடைவேன்" என்று ஒற்றைக் காலில் நின்றார் மனுஷர். சரி, கத்துக்கிட்டுக் கடைங்க என்றாள் ஹெப்சிபா.

இருந்தது இரண்டே குழாய். அவற்றின் சுவர் நகத்தைவிடக் கொஞ்சம்தான் தடிப்பு. அதில் ஒன்றை இப்போது மூன்று மூலையாகக் கடைந்து கெடுத்தாயிற்று.

"பதில் சொல்லுங்க அம்மணி."

ஹெப்சிபா ஃபிளாஸ்கைத் திறந்து பேப்பர் கப்பில் டீ ஊற்றினாள்.

"மூணு விரல்ல பிடிங்கண்ணா. இறுக்கி."

பிடித்தார். கப்பின் வாய் மூன்று மூலையானது. டீ கையில் கொட்டியது.

"அய்யோ, சுடுதுங்க!"

"இப்ப எப்பவும் குடிக்கிற மாதிரி பிடிங்க."

உள்ளங்கை முழுக்க அணைத்துப் பிடித்தார். கப் வட்டமாகவே இருந்தது.

நாச்சிமுத்து கப்பைப் பார்த்தார். லேத்தில் குழாயைக் கவ்வி இறுக்கும் 'சக்'கைப் பார்த்தார். அதிலும் மூன்றே தாடை.

"அட!"

டீயைக் குடிக்காமலே வைத்துவிட்டுப் போனார்.

அலுமினியத்தில் புதுத் தாடைகள் செய்தார். குழாயின் வளைவுக்குத் தக்கபடி கடைந்தார். மூன்றும் சேர்ந்தால் குழாயைச் சுற்றிலும் அணைத்துக்கொள்ளும். கெட்டுப்போன குழாயில் ஒரு துண்டை மாட்டிக் கடைந்து பார்த்தார்.

"மூலை குறைஞ்சிருக்குது. ஆனா போகலீங்களே!"

"சக்கை எப்படி இறுக்குனீங்க? காட்டுங்க."

சாவியைப் போட்டுத் திருகினார். நிறுத்தினார். பிறகு காலை அகட்டி, மூச்சைப் பிடித்து, பல்லைக் கடித்து இன்னொரு திருகு.

"அது என்னதுங்கண்ணா?"

"எது?"

"கடைசியா ஒண்ணு போட்டீங்களே."

"அதுங்களா? அது சாமிக்கு ஒண்ணு."

புருவத்தின் மேலிருந்த தழும்பைத் தடவினார். "ஒருக்கா ஷாஃப்ட்டு கழண்டு பறந்து வந்துருச்சுங்க. நூலிழையில கண்ணு தப்புச்சு. அன்னையிலிருந்து எதை இறுக்கினாலும் சாமிக்கு ஒண்ணு சேர்த்துப் போட்டாத்தான் மனசு ஆறும்."

நாற்காலியிலிருந்து துளசிமணி சொன்னாள். "வீட்டுலயும் அதே கூத்துத்தான் அம்மணி. தண்ணிக் குழாய்க்கு ஒண்ணு, ஊறுகா பாட்டிலுக்கு ஒண்ணு. இவரு வெளிய போயிட்டா எனக்குத் தண்ணியும் கிடையாது, ஊறுகாயும் கிடையாது."

ஹெப்சிபா சிரித்துவிட்டாள். பிறகு குழாய்த் துண்டை அவர் கையில் வைத்தாள்.

"இறுக்கிப் பிடிச்சிருக்கறப்ப எல்லாமே வட்டந்தானுங்கண்ணா. விட்டுப்போட்டு அளங்க."

"பிடி தளர்ந்தா பறந்துறாதுங்களா?"

"டூல் கூரா இருக்கட்டும். கொஞ்சங் கொஞ்சமா வெட்டுங்க. பறக்காது."

அவருக்கு நம்பிக்கை வரவில்லை. ஆனாலும் இரண்டாவது குழாயை மாட்டினார். இனி கெட்டால் வேறில்லை. சாவியைத் திருகினார். நிறுத்தினார். வலது கை மறுபடி சாவியை அழுத்தப் போனது. இடது கை அதைப் பிடித்து இழுத்தது. தன் கையோடு தானே மல்லுக்கட்டிய மனுஷரை அன்றுதான் அந்தப் பட்டறை பார்த்தது.

சாவியை உருவி எடுத்து வைத்தார். லேத்து ஓடியது. மெல்லிய சுருள்கள் உதிர்ந்தன. துளசிமணி முந்தானையை வாயில் கடித்துக்கொண்டாள்.

கடைந்து முடித்து, கழற்றி, பிறகுதான் அளந்தார். குழாயைச் சுற்றச் சுற்றப் பார்த்தார். மூலை இருந்தால் ஆடும் டயல் கேஜின் முள் அசையவில்லை.

நாச்சிமுத்து அழுதார். கேட்டால், கண்ணில் தூசி என்பார்.

சாயங்காலம் புதுக் காலை மாட்டினார்கள். துளசிமணி நடை பழகும் கம்பியைப் பிடித்தபடி ஒரு நடை போய் வந்தாள். பிறகு கம்பியை விட்டாள். பட்டறை வாசல் வரைக்கும் வந்தாள். வெளியே தெரு.

நாச்சிமுத்து ஓடிவந்து அவள் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அவள் உடம்பு அவர் பக்கம் சாய்ந்தது. தோள் ஒரு பக்கம் ஏறிவிட்டது.

"பிடிச்சிருக்கறேன், பயப்படாத. நட."

அவள் நடக்கவில்லை. தெருமுனையைப் பார்த்தபடி நின்றாள்.

"ஏனுங்க."

"என்ன?"

"விட்டுப்போட்டு அளங்க."