மேனேஜருக்கு ஒரு நாள் லீவு

காதல் நாவல் போடுவதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்பது பதிப்பாளர் குலசேகரனின் நினைப்பு. புது நாவலை டைப் செய்த எழிலரசியைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கத்தினார்.

"இருநூறு பக்கமும் ஆபீஸ் சண்டை! சாயங்காலத்துக்குள்ள நீயே மாத்தி டைப் பண்ணு, இதுல காதல் வரணும். வரலேன்னா உனக்கு வேலையில்லை."

எழிலரசிக்கு இருப்புக்கொள்ளவில்லை. அவளைக் கட்டிக்கொள்ளப் போகிறவன் காலையிலிருந்து வாசலில் நிற்கிறான். அவள் எழுந்தாலே இவர் மேஜை மணியை அடித்துவிடுகிறார்.

"கதையில வர்ற மேனேஜருக்கு ஒரு நாள் லீவு குடுங்க சார். காதல் தானா வந்துடும்."

"ஏன்?"

"ஜோடி பேசப் போனாலே மணியடிக்கிறாரே!"

"எந்த மடையன் அப்படிச் செய்வான்?"

எழிலரசி வாசல் பக்கம் இரண்டடி வைத்தாள்.

டிங்!

"இதோ, அவரேதான் சார்," என்றாள் திரும்பாமலே.

குலசேகரன் மணியை எடுத்து டிராயருக்குள் போட்டார்.