ராஜாவைப் பதனிட்ட கதை

ஆவணி மாதத்து இரண்டாம் வெள்ளிக்கிழமை, சூரியன் பனை உயரம் ஏறியிருந்த நேரம். முன்னொரு காலத்து ராஜா ஒருவர் தன் ஆயுதக் கிடங்கில் ஒரு ஜோடி செருப்பைக் கண்டெடுத்தார்.

அவருடைய பாட்டனாரின் செருப்பு. பாட்டனார் போய் அறுபது வருஷம் ஆகியிருந்தது. கிடங்கில் வாள்கள் துருப்பிடித்திருந்தன. கொடிகளைச் செல் அரித்திருந்தது. வில்லின் நாண் தொட்டதும் உதிர்ந்தது. செருப்பு மட்டும் அப்படியே இருந்தது. ராஜா அதை வளைத்துப் பார்த்தார். முகர்ந்து பார்த்தார். காலில் போட்டுக்கொண்டு நான்கு அடி நடந்தார்.

"இது ஏன் அழுகவில்லை?"

யாருக்கும் தெரியவில்லை. ஆற்றங்கரையில் தோல் பதனிடும் ஒண்டியை அழைத்து வந்தார்கள்.

"ஆவாரம்பட்டைங்க, சாமி," என்றான் ஒண்டி. "பட்டையை இடிச்சு ஊறவெச்ச தண்ணியில தோலை நாப்பது நாள் போட்டுவெச்சா, அப்புறம் பூச்சியும் தொடாது, புழுவும் தொடாது. நம்ம காலத்துக்கும் இருக்கும், நம்ம பேரன் காலத்துக்கும் இருக்கும்."

ராஜா துள்ளினார்.

"செத்த தோலுக்கே இத்தனை ஆயுள்! உயிருள்ள தோலுக்கு?"

அரண்மனை வைத்தியர் சிவக்கொழுந்துப் பண்டிதர் பக்கத்தில் நின்றிருந்தார். அவர் கொஞ்சம் யோசித்தார். ராஜாவின் முகத்தைப் பார்த்தார். யோசிப்பதை நிறுத்தினார்.

"ஆவாரை அற்புதமான மூலிகை, மன்னா. நல்ல துவர்ப்பு. வாய்ப்புண்ணை ஆற்றும். ஈறை இறுக்கும். பேதியைக் கட்டும். சென்ற மாதம் தங்களுக்கு வயிறு போனபோது அந்தக் கஷாயத்தைத்தான் கொடுத்தேன். மூன்றே வேளையில் நின்றது."

"மூன்று வேளைக்கே அப்படியென்றால் முந்நூறு வேளைக்கு?"

"அதை யாரும் அளவிட முடியாது, மன்னா," என்றார் பண்டிதர். அது பொய்யில்லை.

அன்று மாலைக்குள் நாட்டிலிருந்த ஆவாரம்பட்டை முழுவதும் அரண்மனைக்கு வந்துவிட்டது. ஒண்டியின் தொட்டிகள் காய்ந்தன. ராஜா காலை, மதியம், மாலை ஒவ்வொரு செம்பு குடித்தார். தான் மட்டும் நூறு வருஷம் இருந்து என்ன செய்வது? ராணி உலகம்மைக்கும் ஒரு செம்பு என்று கட்டளையிட்டார். ராணிக்கு அது ஏழாம் மாதம்.

"பிள்ளையும் சேர்ந்து பதப்படும்!" என்று ராஜா மகிழ்ந்தார்.

மருந்தைக் குறை சொல்பவர் ஒரு குடம் குடிக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. யாரும் குறை சொல்லவில்லை.

பன்னிரண்டு நாள் போனது. ராஜாவுக்குப் பசி நின்றது. பிறகு வேறொன்றும் நின்றது. விடிந்ததும் கொல்லைப்புறம் போனவர், வெயில் சுட்ட பிறகுதான் திரும்பினார். முகம் சிவந்திருந்தது.

"வேலை செய்கிறது!" என்றார். "உள்ளே எல்லாம் கெட்டிப்படுகிறது!"

அந்த அரண்மனையில் வெள்ளியம்பலம் என்று ஒரு விகடன் இருந்தான். ராஜாவைச் சிரிக்கவைப்பது அவன் வேலை. பண்டிதருக்கு அவனைக் கண்டால் ஆகாது. தான் பத்து வருஷம் மருந்து அரைத்துப் பெற்ற நாற்காலியை அவன் ஒரு வேடிக்கைப் பேச்சில் பெற்றுவிட்டான் என்பது அவர் வருத்தம்.

பதின்மூன்றாம் நாள் மாடிப்படியில் ராணி உட்கார்ந்திருப்பதை வெள்ளியம்பலம் பார்த்தான்.

"என்னம்மா, இங்க உட்கார்ந்துட்டீங்க?"

"இந்த அரண்மனையிலேயே காத்து வர்ற இடம் இதுதான்," என்றாள் ராணி. சிரிக்க முயன்றாள். மூச்சு வாங்கியது. "பதினாறு படி. எட்டுக்கு மேல ஏற முடியல. மருத்துவச்சி என் கண்ணைக் கீழ இழுத்துப் பார்த்தா. வெளுத்துக் கெடக்குன்னா. பிள்ளைத்தாய்ச்சி இந்தப் பட்டைத் தண்ணியை வாயில வைக்கவே கூடாதாம்."

"பண்டிதர் என்ன சொல்றார்?"

"அயச்செந்தூரம் கொடுக்கிறார். இரும்பைப் புடம் போட்ட பொடி. ரத்தம் ஊறுமாம். அதைத் தேன்ல குழைச்சு நாக்குல தடவுறார். கையோட கஷாயத்தையும் நீட்டுறார்."

"ஊறுதா?"

"ஊறினா நான் ஏன் படியில உட்கார்ந்திருக்கேன்?"

வெள்ளியம்பலம் இரண்டு படி கீழே உட்கார்ந்தான்.

"இப்படியே போனா பிரசவம் தாங்கமாட்டேன்னு மருத்துவச்சி சொல்லிட்டா," என்றாள் ராணி. "நான் வேண்டாம்னா, பயப்படாதே, பழகிடும்கிறார் ராஜா. அவ போய்ச் சொன்னா அவளுக்குக் குடம். நீ ஏதாவது பண்ணு, வெள்ளியம்பலம். சீக்கிரம் பண்ணு."

மறுநாள் சபை கூடியது. வெள்ளியம்பலம் எழுந்தான். அதற்குள் பண்டிதரும் எழுந்தார்.

"மன்னா! விகடன் மருந்தைக் குறை சொல்கிறான்!"

"நான் இன்னும் வாயே திறக்கவில்லையே, பண்டிதரே."

"திறந்தால் அதுதானே வரும்!"

"குறை ஒன்றுமில்லை, மன்னா," என்றான் வெள்ளியம்பலம். "ஒரு சந்தேகம்தான். தோலுக்கு நடக்கிற முறை தங்களுக்கும் சரியாக நடக்கிறதா?"

பண்டிதருக்கு இரண்டு நாளாக ஒரு கவலை இருந்தது. மருந்து பலிக்காவிட்டால் பழி யார் தலையில் விழும்? இப்போது அதற்கு ஒரு தலை கிடைத்தது.

"நல்ல சந்தேகம், மன்னா! மருந்துக்கு நான் இருக்கிறேன். முறையைக் கவனிக்க ஆள் இல்லை. அந்தப் பொறுப்பை வெள்ளியம்பலத்திடமே கொடுங்கள். தோலுக்கு நடப்பதில் ஒன்று குறைந்தாலும் அவன் தலை போகட்டும்."

ராஜா தொடையைத் தட்டினார். "அப்படியே ஆகட்டும்! இன்றே கட்டளை எழுதுங்கள். தோலுக்கு நடப்பதெல்லாம் எனக்கும் நடக்க வேண்டும். யார் தடுத்தாலும் நிறுத்தக் கூடாது. நானே தடுத்தாலும் நிறுத்தக் கூடாது!"

"இருப்பது ஒரு தலைதான், மன்னா," என்றான் வெள்ளியம்பலம். "பார்த்துச் செய்கிறேன்." ஓலையை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு ஆற்றங்கரைக்கு நடந்தான்.

ஒண்டி காய்ந்த தொட்டியின் விளிம்பில் சும்மா உட்கார்ந்திருந்தான்.

"பட்டை இல்லாம தொழிலே நின்னுபோச்சு, அண்ணே. ராஜா எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல, இது குடிக்கிற தண்ணியான்னு."

"இப்ப நான் கேக்கறேன். தோலுக்கு என்னென்ன பண்ணுவே? முதல்லேர்ந்து சொல்லு."

ஒண்டி முதலிலிருந்து சொன்னான். வெள்ளியம்பலம் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினான். ஓலையில் எழுதியிருந்ததை ஒண்டிக்குப் படித்துக் காட்டினான். ஒண்டி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"ஒண்ணு மறந்துட்டேன்," என்றான் சிரிப்பு அடங்கியதும். "இரும்பு படக் கூடாது. பட்டைத் தண்ணியில துருப்பிடிச்ச ஆணி ஒண்ணு விழுந்தாலும் மையாட்டம் கறுத்துடும். இரும்பைக் கண்டா புடிச்சுக்கும், விடாது."

வெள்ளியம்பலம் எழுந்து நின்றான்.

"இன்னொரு தடவை சொல்லு."

விடிந்ததும் அரண்மனை முற்றத்தில் ஒரு பெரிய தொட்டியை இறக்கினார்கள். அதில் சுண்ணாம்பு நீர் நுரைத்தது. பக்கத்தில் ஒரு சாய்ந்த மரக்கட்டை. அதன்மேல் இரண்டு பக்கமும் பிடி வைத்த வளைந்த கத்தி. சற்றுத் தள்ளி, முழங்கால் வரை வேட்டியை மடித்துக் கட்டிய ஆறு பேர் கால் கழுவிக்கொண்டு நின்றார்கள். ஊரே திரண்டிருந்தது.

ராஜா உற்சாகமாக இறங்கி வந்தார். "ஆரம்பமா?"

"ஆரம்பம், மன்னா. தொட்டியில் இறங்குங்கள். பத்து நாள்."

"இது என்ன?"

"சுண்ணாம்பு. மயிர் உதிர்வதற்கு."

ராஜாவின் கை மீசைக்குப் போனது. "இதுவுமா?"

"இதுதானுங்க முதல்ல," என்றான் ஒண்டி.

"அந்தக் கத்தி?"

"தோலின் உள்பக்கம் ஒட்டியிருக்கிற சதையைச் சீவுவதற்கு, மன்னா."

"உள்பக்கமா! அந்த ஆறு பேர்?"

"பட்டைத் தண்ணீரில் ஏறி மிதிப்பதற்கு. தினமும் காலையிலிருந்து உச்சிவரை."

ராஜா அந்தப் பன்னிரண்டு கால்களையும் பார்த்தார். அகலமான கால்கள்.

"நிறுத்து!"

வெள்ளியம்பலம் ஓலையை விரித்தான். "நானே தடுத்தாலும் நிறுத்தக் கூடாது. தங்கள் முத்திரை, மன்னா. இப்போதே நான் குற்றவாளிதான். முதல் இரண்டு வேலையையும் என் இஷ்டத்துக்குத் தள்ளிவைத்திருக்கிறேன். தலை போனாலும் போகட்டும் என்று துணிந்துவிட்டேன்."

"என்ன இரண்டு வேலை?"

வெள்ளியம்பலம் ஒண்டியைப் பார்த்தான்.

"கொல்றதும் உரிக்கிறதுமுங்க, சாமி."

ராஜா பண்டிதர் பக்கம் திரும்பினார்.

"பண்டிதரே! தோலுக்கும் எனக்கும் வித்தியாசமே இல்லையா?"

பண்டிதர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "உண்டு, மன்னா. தோல் செத்தது. அதற்குப் பசி கிடையாது. செரிமானம் கிடையாது. ரத்தம் கிடையாது."

"பசி கிடையாதா? எனக்கும் பசி போய் எத்தனை நாளாகிறது!"

"மூன்றில் ஒன்று பலித்துவிட்டது, மன்னா," என்றான் வெள்ளியம்பலம்.

"செரிமானம்?"

"அதைத் தங்கள் காலைப் பொழுதுகளைத்தான் கேட்க வேண்டும்."

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்.

"ரத்தம்?" என்றார் ராஜா. குரல் இறங்கியிருந்தது.

வெள்ளியம்பலம் சிரிக்கவில்லை. "அது தங்களிடம் நடக்கவில்லை, மன்னா. ராணியம்மாவிடம் நடக்கிறது."

பணிப்பெண் ஒருத்தி ராணிக்கு எடுத்துப்போன கஷாயக் கோப்பையை அவன் வாங்கி எல்லோரும் பார்க்கும்படி வைத்தான். பண்டிதரின் மடியிலிருந்த அயச்செந்தூரத்தைக் கேட்டான். பண்டிதர் தயங்கிக் கொடுத்தார். செங்கல் நிறப் பொடி. ரத்தம் ஊறுவதற்கான இரும்பு. வெள்ளியம்பலம் அதில் ஒரு சிட்டிகை எடுத்துக் கஷாயத்தில் போட்டுக் கலக்கினான்.

தேன் நிறத்தில் இருந்த கஷாயம் மங்கியது. பழுப்பானது. அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கறுத்தது.

"பட்டை இரும்பைப் பிடித்துக்கொண்டது, மன்னா. விடாது. இரண்டும் தினமும் ஒரே நேரத்தில் உள்ளே போகின்றன. உடம்புக்கு ஒன்றும் சேரவில்லை. கீரை சாப்பிட்டாலும் இதே கதைதான்."

"உலகம்மை எங்கே?"

"எட்டாம் படியில்."

ராஜா ஓடினார். மேல்துண்டு விழுந்தது, எடுக்கவில்லை. படியில் ராணியின் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கண்ணைக் கீழே இழுத்துப் பார்த்தார். பிறகு உள்கட்டுக்குப் போய்க் கஷாயப் பானைகளை ஒவ்வொன்றாகத் தன் கையாலேயே கவிழ்த்தார்.

அவர் முற்றத்துக்குத் திரும்பியபோது அந்த ஆறு பேரும் இன்னும் நின்றிருந்தார்கள். அவர்களில் மூத்தவன் பணிவாகக் கேட்டான்:

"சாமி, நாங்க ஏறலாங்களா?"

ராஜா அவன் கால்களைப் பார்த்தார். தொட்டியைப் பார்த்தார். மீசையைத் தொட்டார். சிரித்தார். தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வயிறு குலுங்கக் குலுங்கச் சிரித்தார். இத்தனை நாள் அசையாதது அசைந்தது. சிரிப்பைப் பாதியில் விட்டுவிட்டுக் கொல்லைப்புறம் பாய்ந்தார்.

திரும்பி வந்தவர் பத்து வயது குறைந்தவர்போல இருந்தார். தன் முத்துமாலையைக் கழற்றி வெள்ளியம்பலத்தின் கழுத்தில் போட்டார். மிச்சமிருந்த பட்டை முழுவதையும் அரண்மனை வண்டிகளில் ஏற்றி ஒண்டியின் தொட்டிக்கு அனுப்பினார். பேதிக்கு மூன்று வேளை, நின்றால் நிறுத்திவிட வேண்டும். வாய்ப்புண்ணுக்குக் கொப்பளித்துத் துப்ப வேண்டும். பிள்ளைத்தாய்ச்சி தொடக் கூடாது. இதுதான் புதிய கட்டளை.

"பண்டிதருக்கு ஒரு குடம்!" என்றார் கடைசியாக.

"வேண்டாம், மன்னா," என்றான் வெள்ளியம்பலம். "அவருடைய செந்தூரம் நல்ல செந்தூரம். இனிமேல்தான் அது வேலை செய்யப்போகிறது."

அது வேலை செய்தது. ஐப்பசி பிறந்து ஒரு வாரத்தில், ராணி கீழ்ப்படியில் கால் வைத்து, நடுவில் நிற்காமல், மேல்படி வரை ஏறினாள். மேலே நின்று மருத்துவச்சியைக் கூப்பிட்டு, "பதினாறும் ஏறிட்டேன்!" என்று சத்தம் போட்டாள். மூச்சு வாங்கவில்லை.

கீழே வெள்ளியம்பலமும் பண்டிதரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கஷாயத்தை இரும்புச் சட்டியில காய்ச்சக் கூடாதுன்னு முதல் பாடத்துலயே சொல்லிக்கொடுப்பாங்க," என்றார் பண்டிதர். அவர் வெள்ளியம்பலத்தைப் பார்க்கவில்லை. "எனக்கு அன்னைக்கே தெரியும். ஏன், நீயே சொல்லு, நான் நேரா போய்ச் சொல்லியிருந்தா ராஜா சிரிச்சிருப்பாரா, இல்ல எனக்கு ஒரு குடம் கொடுத்திருப்பாரா?"